குருவிப் பசுவைப் பழக்கிய நாட்கள்

மைனிக்கு,

நேற்று வாழைக்குலை வெட்டும்போது அரிவாள் நழுவி இடது கையில் பட்டுவிட்டது. ஆழமில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பஞ்சை நனைத்து அந்தப் பழுப்பு மருந்தைத் தடவினாள். மணம் மூக்கில் ஏறியதுமே திரும்பிப் பார்த்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் நீங்கள் நிற்பதாகத்தான் தோன்றியது.

"யாரைத் தேடுதிய அக்கா?" என்று அவள் கேட்டாள்.

"ஆரையும் இல்ல மக்கா."

அயோடின். பால் கறந்து முடித்ததும் நம் மெஷின் ஒவ்வொரு காம்பிலும் பீச்சுமே, அதே மருந்து. மற்றவர்களுக்கு அது காயத்தின் மணம். எனக்கு அது உங்கள் மணம். அது எப்படி உங்கள் மணமானது என்று கேட்கத் தோன்றாமலே அத்தனை மாதம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன்.

வெளியே ஆடிக்காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வந்து தென்னைகளை ஒரே பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தொழுவத்துக் கூரைத் தகரம் அடிக்கிறது. போன ஆடியிலும் இப்படித்தான் அடித்தது. அந்த ஆடிக்கு வெகு முன்பே எல்லாம் தொடங்கிவிட்டது என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

நான் கோட்டாற்றில் பலசரக்குக் கடைக்காரர் மகள். இந்த வீட்டுக்கு வரும்வரை ஒரு பசுவின் மூச்சு மேலே படும் தூரத்தில் நின்றதில்லை. நீங்கள் என் கணவரின் அக்கா. முப்பது வயதுக்குள் உங்கள் கணவரை, எங்கள் அண்ணாச்சியைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி, இரண்டு பசுவில் தொடங்கி முப்பத்தாறு பசு வரைக்கும் கொண்டுவந்தவர். உங்கள் தம்பி சவுதியில் ஒரு பெரிய பால்பண்ணையில் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். வீட்டில் நாம் இரண்டு பேர், என் மகள் அபி, கறவைக்கு வரும் தங்கப்பன். மீதி எல்லாம் பசுக்கள்.

புதிதாக வந்த பசுவை நீங்கள் முதல் நாள் தொடமாட்டீர்கள். தொழுவத்தின் நடுவில் ஒரு வாளியை வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வீர்கள். உடனே வந்து வாளியை மோந்து பார்ப்பது துணிஞ்சது. நின்ற இடத்திலிருந்தே கவனித்துவிட்டு மெல்ல வருவது பொறுத்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டு வெள்ளைவிழி தெரியப் பார்ப்பது மருளுதது. இந்த மூன்று சொல்லுக்குள் எல்லாப் பசுவும் அடங்கிவிடும். என்னையும் அடக்கினீர்கள். கல்யாணமாகி வந்த இரண்டாம் வாரம், "ஏட்டி செல்வி, நீ மருளுத கூட்டம். உனக்கு நேரே நடந்து வரப்பிடாது, பக்கவாட்டுல வரணும்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். உங்களை எந்தச் சொல்லில் அடக்குவது என்று அன்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், மார்கழியில் ஒரு நாள், சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "நமக்கு அந்த மெஷினு வேணும். கை படாம கறக்குகது. தம்பி வேலை பாக்குக பண்ணையில இருக்குல்லா, அது."

வாளியில் கறக்கிற சின்ன மெஷினையே "எனக்கு ரெண்டு கையி இருக்கு" என்று திருப்பி அனுப்பியவர் நீங்கள்.

"மைனி, மாடு அதுக்கு நிக்குமா?"

"நிக்க வைக்கணும்."

"தங்கப்பன் இருக்காரே."

"தங்கப்பனுக்கு மவன் திருப்பூருக்குக் கூப்பிடுகான். இன்னிக்கோ நாளைக்கோ போயிருவாரு. எனக்கும் கை களைச்சுப் போச்சு."

இடது கையை மடியில் வைத்திருந்தீர்கள். அதற்கு முந்தைய இரண்டு மாதமாகவே நீங்கள் ஒரு கையால்தான் கறந்துகொண்டிருந்தீர்கள். வயது ஐம்பத்திரண்டு, முப்பது வருஷம் கறந்த கை, களைக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் எல்லோரும் சவுதிக்காரத் தம்பிக்குத்தான் இந்த ஆசை என்று பேசினார்கள். அவரோ போனில் என்னிடம், "அக்காவுக்கு என்ன ஆச்சு? வாரத்துக்கு மூணு தடவை கூப்பிட்டு மெஷின் எப்ப வரும்னு கேக்கா" என்றார். அவருடைய பண்ணையில் புதிது வாங்கியதால் ஒதுக்கிய ஒரு மெஷின் கிடைத்தது. கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, பங்குனியில் நம் தொழுவத்தில் இறங்கியது. அதை மாட்டிக்கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார்.

ஒரு பசு மட்டும் நிற்கிற அளவுக்கு இரும்புக் கம்பிப் பெட்டி. பசு தானாக உள்ளே வரவேண்டும். வந்தால் முன்னால் தீவனம் விழும். கீழேயிருந்து ஒரு எந்திரக் கை நீண்டு வந்து, சிவப்பு வெளிச்சத்தால் காம்பைத் தேடி, கழுவி, நான்கு குழலையும் மாட்டும். கறந்து முடிந்ததும் மருந்தைப் பீச்சிவிட்டுக் கதவைத் திறக்கும். எந்த நேரம் வேண்டுமானாலும் வரலாம், யாரும் ஓட்டிவர வேண்டாம். வராத பசுக்களின் பெயர் மட்டும் நம் போனில் வரும். கேட்கும்போது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கை முதன்முதலாகக் காற்றுச் சத்தத்தோடு 'உஸ்' என்று நீண்டபோது, தொழுவம் முழுக்க முப்பத்தாறு பசுவும் ஒரே நேரத்தில் அசைபோடுவதை நிறுத்தின. தங்கப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு, "இது நல்லதுக்கில்ல பிள்ளே" என்று என் காதோரம் சொன்னார்.

முதல் பத்து நாள் மெஷினில் கறவையே இல்லை. பெட்டிக்குள் வெறும் தீவனம். வந்து தின்று போகட்டும் என்று விட்டீர்கள். பிறகு மெஷினின் சத்தம் மட்டும். பிறகு கை வெறுமனே நீண்டு மடியைத் தொட்டுவிட்டுத் திரும்பும். எந்தப் பசு எந்த நாள் பழகும் என்று முன்கூட்டியே சொன்னீர்கள். துணிஞ்சவள் பொம்மி முதல் நாளே நான்கு தடவை உள்ளே போய், தீவனம் விழாதபோது தொட்டியை முட்டினாள். பொறுத்ததுகள் ஒரு வாரத்தில் வந்தன. நீங்கள் சொன்னது ஏறக்குறைய அப்படியே நடந்தது. ஒரு பசுவைத் தவிர, லெட்சுமி.

லெட்சுமி பெட்டிக்குள் கல்லாக நின்றாள். உதைக்கவில்லை, சாணி போடவில்லை, காலை மாற்றக்கூட இல்லை. "ரொம்ப சாதுங்க" என்றார் இன்ஜினியர். ஆனால் பாத்திரத்தில் பால் ஒரு செம்புகூட இல்லை. மடி நிறைந்து தொங்கியது, காம்பில் இறங்கவில்லை. பாலை எக்கிக்கொண்டு நின்றாள். நீங்கள் போய் அவள் கழுத்தில் உள்ளங்கையை வைத்தீர்கள். என்னையும் கூப்பிட்டு வைக்கச் சொன்னீர்கள். வெளியே தெரியாமல் தோலுக்கு அடியில் சிலுசிலுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"இது சாது இல்ல தம்பி," என்று அந்த இன்ஜினியரிடம் சொன்னீர்கள். "பயந்து மரமா நிக்கு. உதைக்குக மாடு சங்கதியைச் சொல்லிரும். இது சொல்லாது. இதைத்தான் நாம பாக்கணும்."

சொல்லிவிட்டுக் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள். தொழுவத்துக்குப் பின்னால் போய், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மலையைப் பார்த்து நின்றீர்கள். நான் பார்த்தேன். வெயில் என்று நினைத்தேன்.

லெட்சுமிக்குப் பொம்மியைப் பெட்டிக்குப் பக்கத்தில் கண்ணில் படும்படி கட்டினோம். கூட ஒருத்தி நிற்கிறாள் என்று தெரிந்ததும் நான்கு நாளில் இறக்கினாள். சித்திரை முடிவதற்குள் முப்பத்தைந்து பசு பழகிவிட்டது. மிச்சம் குருவி.

குருவியைப் பற்றி உங்களுக்கு நான் என்ன சொல்ல. குடை விரித்தால் துள்ளும், துணி காய்ந்தால் துள்ளும், அதனால்தானே அந்தப் பெயர். நீங்கள் பக்கத்தில் நின்றால் மட்டும் ஒரு நாய்க்குட்டி போல உங்கள் முதுகில் தாடையை வைத்துக்கொள்ளும். பிறந்தபோது தாய் செத்து, நீங்கள் புட்டியில் பால் கொடுத்து வளர்த்த கன்று. வேறு யார் உட்கார்ந்தாலும் மடி விடாது. தங்கப்பன் ஒருமுறை முயன்று முழங்கால் வீங்கிப் போனார்.

பெட்டிக்குள் கயிறு போட்டு இழுத்தால் வந்தாள். எந்திரக் கை நீண்டதும் உதைத்தாள். குழல் பறந்தது. இரண்டாம் நாள் உதையில் கையின் ஒரு மூடி உடைந்தது. இன்ஜினியர் அலுத்துப்போனார். "எல்லாப் பண்ணையிலயும் ஒண்ணு ரெண்டு இப்படி இருக்கும் மேடம். வித்துருங்க. சுபாவம் மாறாது."

"மாறாண்டாம். பழகினா போதும்."

"நீங்க கூட நின்னா நிக்குதே. அப்படியே நின்னு பழக்கலாமே."

"நான் நிக்கப்பிடாது. அதுதான் தம்பி பாடம்" என்றீர்கள்.

அந்தச் சொல் எனக்குப் புரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து நீங்கள் செய்ய ஆரம்பித்ததைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. முதல் வாரம் பெட்டியின் ஓரத்தில் அவள் விலாவில் கைவைத்து நின்றீர்கள். அடுத்த வாரம் கையை எடுத்துவிட்டு நின்றீர்கள். அதற்கடுத்து ஒரு தூண் தள்ளி. அதற்கடுத்துத் தொழுவத்து வாசலில். குருவி ஒவ்வொரு முறையும் கழுத்தை வளைத்து உங்களைத் தேடும். நீங்கள் அவள் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பீர்கள். வைகாசி பாதியில் தொழுவத்துக்குள் வருவதையே நிறுத்திவிட்டீர்கள். வேலைக்குப் போடும் உங்கள் முழுக்கைச் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தீர்கள்.

"இதைத் துவைக்காண்டாம். இப்படியே போட்டுக்கிட்டு அவகிட்டப் போ. ஒரு வாரம் போடு. பொறவு நாளுவிட்டு நாளு போடு. பொறவு உனக்க சட்டையில போ."

"எதுக்கு மைனி இந்தக் கஷ்டம்? நீங்களே பாத்துக்கலாம்லா."

"சொன்னதைச் செய்யிட்டி."

அண்ணாச்சியின் பழைய சட்டை அது. போட்டுப் பார்த்தபோது இடது கக்கத்துத் தையல் பிரித்திருந்தது. பிரித்த இடத்தில் இரண்டு விரல்கடை அகலத்துக்கு வேறு துணி வைத்து, உள்பக்கமாக, வெளியே தெரியாதபடி தைத்திருந்தீர்கள். கையை விட்டால் அந்தப் பக்கம் மட்டும் தொளதொளவென்று இருந்தது.

"இதென்ன மைனி?"

"எலி கடிச்சிட்டு."

எலி கடித்த துணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பலசரக்குக் கடையில் பிறந்தவள். எலி நேர்கோட்டில் கடிக்காது. அப்படியும் நான் கேட்கவில்லை. உங்கள் குரலில் கதவு சாத்துகிற ஒரு சத்தம் இருந்தது. நீங்கள் ஒரு தடவை சாத்தினால் நான் தட்டியதில்லை. பதினெட்டு வருஷத்துப் பழக்கம் அது. என்னையும் நீங்கள் நன்றாகத்தான் பழக்கி வைத்திருந்தீர்கள்.

இன்னொன்றும் அப்போது என் மூக்குக்குத் தெரிந்தது, மண்டைக்கு எட்டவில்லை. நீங்கள் தொழுவத்துக்குள் காலடி வைக்காத அந்த நாட்களில்தான் உங்கள் மேல் அயோடின் மணம் முன்னைவிட அதிகமாக இருந்தது.

ஆனி பிறந்ததும் காற்று தொடங்கியது. மருளும் பசுவுக்கு அதுவே போதும். தகரம் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் குருவி துள்ளினாள். பெட்டிக்குள் நின்றாலும் பாதிப் பாலைத்தான் இறக்கினாள். மீதி உள்ளேயே தங்கி, பின்பக்கத்து ஒரு காம்பு வீங்கி, பால் திரித்திரியாக வந்தது. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, "இன்னொரு தடவை இப்படி வந்தா அந்தக் காம்பு அவ்வளவுதான்" என்று சொல்லிப் போனார். உங்களிடம் வந்து சொன்னேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தீர்கள். உதட்டை மட்டும் கடித்துக்கொண்டீர்கள்.

மறுநாள் மத்தியானம் குருவி கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தொழுவத்திலிருந்து வாழைத்தோட்டத்தைச் சுற்றி, முள்வேலியில் விலாவைக் கிழித்துக்கொண்டு, நேராக உங்கள் அறைக்குப் பின்பக்கத்து வாசலுக்கு. மடி கனத்துத் தரையைத் தொடுகிறாற்போல் தொங்கியது. கதவை மூக்கால் இடித்தாள். 'அம்மா' என்று கத்தினாள். கத்தினாள் என்றால் எப்படி! கன்றைப் பிரித்த பசுதான் அப்படிக் கத்தும். இவள் கன்று, உங்களைத் தாய் என்று தேடிக் கத்தினாள்.

நீங்கள் உள்ளே இருந்தீர்கள். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தீர்கள். நான் முன்பக்கமாக ஓடிவந்து பார்த்தால், கட்டிலில் முதுகு நிமிர்ந்து, இரண்டு கையாலும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"மைனி, கதவைத் திறங்க. ஒரு தடவை தடவிக் குடுங்க. மடி வெடிச்சிரும் போலிருக்கு."

"நீ கூட்டிட்டுப் போ."

"அது உங்களைத்தான் கேக்கு."

"கேக்கட்டும்."

"உங்களுக்கு நெஞ்சு கல்லா?" என்று கத்திவிட்டேன். பதினெட்டு வருஷத்தில் உங்களிடம் முதன்முறையாகக் குரல் உயர்த்தினேன். "வளத்த கையில்லா உங்க கை! ஒரு மெஷினுக்காக இப்படியும் செய்வியளா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்த முகத்தை நான் இன்னும் விளங்கிக்கொள்ளப் பார்க்கிறேன். கோபமில்லை. கெஞ்சல் போல ஒன்று.

"மக்கா, இன்னிக்கு நான் வந்தா, நாளைக்கும் நான் வரணும்லா" என்றீர்கள்.

நான் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டேன். பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன். வெறுப்போடு வெளியே போய், உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து அவளிடம் போனேன். அவள் சட்டையை மோந்தாள். பிறகு என் முகத்தை மோந்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும், வேறு வழியில்லாமல் என் பின்னால் வந்தாள்.

அந்த வாரம் முழுக்க நான் தொழுவத்திலேயே கிடந்தேன். என்னுடைய சட்டையில். எந்திரக் கை நீளும்போதெல்லாம் நீங்கள் சொன்னபடி வாயால் 'உஸ்' என்று அதே சத்தத்தைச் செய்தேன். ஆடி இரண்டாம் வாரத்தில் ஒரு காலை, தகரம் அடித்துக்கொண்டிருந்தபோதே, யாரும் ஓட்டாமல், குருவி தானாக நடந்து பெட்டிக்குள் போனாள். கை நீண்டது. காது ஒருமுறை பின்னால் போய் முன்னால் வந்தது. பால் இறங்கியது. குழலில் வெள்ளையாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே உங்களிடம் ஓடிவந்தேன்.

"போயிட்டா மைனி! தானா போயிட்டா!"

"காலை மாத்திச்சா?"

"இல்ல."

"என்னைத் தேடிச்சா? வாசலைப் பாத்துச்சா?"

"இல்ல மைனி. பாக்கல்ல."

நல்ல சேதி சொல்கிறோம் என்றுதான் நினைத்தேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "போதும்" என்றீர்கள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். வெளியே காற்றாலைகள் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நீங்கள் தூங்கிவிட்டீர்கள் என்று நான் விளக்கை அணைத்துவிட்டுப் போனேன்.

ஒன்பது நாள் கழித்துக் குளியலறையில் விழுந்தீர்கள்.

தூக்கியபோதுதான் முதன்முறையாகக் கண்டேன். இடது கை தோளிலிருந்து விரல் வரை வாழைத்தண்டு போல வீங்கியிருந்தது. மார்பில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததும் மருந்து மணம், அதற்கு அடியில் இன்னொரு மணம். பசுவின் காம்புக்கு வாங்கி வைத்த கேனிலிருந்து ஊற்றி, ஒற்றைக் கையால், கண்ணாடி இல்லாத அறையில் நீங்களே துடைத்துத் துடைத்துக் கட்டியிருக்கிறீர்கள். எத்தனை மாதம்! அடுத்த அறையில் நான் அபிக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன்.

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் பழைய சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். நீங்கள் தலையணைக்கடியிலிருந்த பையைக் கண்ணால் காட்டினீர்கள். அதே ஆஸ்பத்திரியின் சீட்டு, மார்பில் புற்று என்று. முந்தைய கார்த்திகை. மண்டைக்காட்டு அம்மனுக்கு நேர்ச்சை இருக்கிறது, நான் மட்டும் போய் வருகிறேன் என்று நீங்கள் காலையில் தனியே பஸ் ஏறினீர்களே, அந்த நாள். மெஷின் வேண்டும் என்று நீங்கள் சொன்னது அதற்கடுத்த மாதம்.

டாக்டர் என்னை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னார். அன்றைக்கே சேர்ந்திருந்தால் வழி இருந்தது. இப்போது வலியைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

திரும்பி வந்து உங்களிடம் கேட்டேன். "ஏன் மைனி?"

நீங்கள் சொன்னீர்கள்: "உங்க அண்ணாச்சி படுத்துக் கிடந்த ஒரு வருசமும் ஆரும் ஆரு முகத்தையும் பாக்கல்லட்டி. எல்லாரும் அவரையே பாத்துக்கிட்டு இருந்தோம். போயிட்டாரு. நாலு மாடு பட்டினியில செத்துது. தம்பி படிப்பு நின்னுது. இன்னொருக்கா அது வேண்டாம்னு பட்டுது." மூச்சு வாங்கினீர்கள். "கையி ஓடுகவரைக்கும் மாட்டை எல்லாம் அதுங்க பாட்டுக்கு நிக்கப் பழக்கிட்டா, பொறவு ஆருக்கும் சிரமமில்ல பாரு."

மைனி, உங்களோடு நான் சண்டை போட்டிருக்க வேண்டும். நீங்கள் கிடந்த கிடையில் என்னால் முடியவில்லை. இப்போது எழுதுகிறேன். நீங்கள் செய்தது தப்பு. ஊரில் எல்லோரும் 'எப்பேர்ப்பட்ட மனசு' என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. முப்பத்தாறு பசுவில் ஒவ்வொன்றின் பயத்தையும் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டீர்கள். உங்கள் பயத்தை ஒரு ஆள் தொட விடவில்லை. எங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று நீங்களாகவே தீர்மானித்தீர்கள். எங்களைக் கேட்டீர்களா? லெட்சுமிக்குப் பக்கத்தில் பொம்மியைக் கட்டத் தெரிந்த உங்களுக்கு, உங்கள் பக்கத்தில் என்னைக் கட்டிக்கொள்ளத் தோன்றவில்லையே.

புரட்டாசியில் ஒரு விடியற்காலம் வீட்டில், உங்கள் கட்டிலில் போனீர்கள். உங்கள் தம்பி வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஆட்கள் வந்தார்கள், பந்தல் போட்டார்கள், சங்கு ஊதினார்கள். இடையில் பழக்கதோஷத்தில் போனை எடுத்துப் பார்த்தேன். வராத பசுக்களின் பட்டியல் வெறுமையாக இருந்தது. அத்தனையும் நேரத்துக்கு வந்து, கறந்துவிட்டுப் போயிருந்தன. சங்குச் சத்தத்துக்குக்கூட ஒன்றும் மருளவில்லை.

உங்களைக் கொண்டுபோன பிறகு தொழுவத்துக்குப் போனேன். குருவி பெட்டியிலிருந்து வெளியே வந்து, அசைபோட்டுக்கொண்டு, வாசலில் நின்ற என்னை ஒரு தூணைப் பார்ப்பது போலப் பார்த்தாள். என்னால் தாங்க முடியவில்லை. ஓங்கி அவள் தாடையில் அறைந்தேன். ஒன்று, இரண்டு, எத்தனை என்று தெரியாது. "தேடுட்டி! ஒரு தடவையாவது தேடு!" என்று கத்தினேன். அவள் கண்ணின் வெள்ளை தெரிந்தது. சறுக்கி விழுந்து எழுந்து தொழுவத்தின் மறுகோடிக்கு ஓடினாள். தங்கப்பன் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் குருவி பெட்டிப் பக்கம் வரவில்லை. மணிக்கு ஒரு தடவை போன் அடித்து அவள் பெயரைக் காட்டியது. வீடே மௌனமாகக் கிடந்த அந்த மூன்று நாளும் எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. உங்களைக் காணவில்லை என்று இந்த வீட்டில் ஏதோ ஒன்றாவது சொல்லிக்கொண்டிருப்பதாக எடுத்துக்கொண்டேன். அவள் என்னைக் கண்டுதான் பயந்தாள் என்பது எனக்குத் தெரியாமலில்லை. நாலாம் நாள் மடி கல்லாகும் முன் போய் மன்னிப்புக் கேட்டு, மறுபடி முதலிலிருந்து, விலாவில் கைவைத்து நின்று பழக்கினேன். கையை எடுக்கவில்லை. இன்றுவரை அவள் கறக்கும்போது காலையில் ஒரு தடவையாவது போய் நிற்கிறேன். நான் ஒருநாள் இல்லாமல் போனால் அவள் கத்துவாள். கத்தட்டும்.

உங்கள் தம்பி சவுதிக்குத் திரும்பவில்லை. மெஷினை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். தங்கப்பன் திருப்பூருக்குப் போய்விட்டார்.

அபி திருநெல்வேலியில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால், "அப்படியே அத்தை சாயல், அத்தை குணம், ஒரு சத்தம் கிடையாது, ஒரு குறை சொல்லமாட்டா" என்று மெச்சுகிறார்கள். நான் சிரித்துக்கொண்டே காபி கொடுப்பேன். இது குடும்பத்தில் வரக்கூடியது என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொன்னதை அவர்களிடம் சொன்னதில்லை. போன வாரம் அபி போனில் களைப்பாக இருக்கிறது என்றாள். உடனே, "சும்மா சொன்னேம்மா" என்றாள். மறுநாள் காலை பஸ்ஸில் நான் திருநெல்வேலியில் இருந்தேன். வகுப்பிலிருந்து அவளைக் கூப்பிட்டு, நேராக ஒரு லேடி டாக்டரிடம் கொண்டுபோனேன். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். "இன்னொருக்கா பாருங்க" என்றேன். பார்த்தார்.

வெளியே வந்ததும் அபி பஸ் ஸ்டாண்டில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "கிறுக்கா உனக்கு? எல்லாரு முன்னாலயும் என்னை இழுத்துட்டு வந்து... நான் அத்தை இல்லம்மா! எனக்கு வலிச்சா நான் சொல்லுவேன்! கேக்கியா?" ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நின்றார். அவள் கண்ணீரும் மூக்குமாகக் கத்திக்கொண்டே இருந்தாள். இவ்வளவு பெரிய குரல் இவளுக்கு இருப்பது எனக்குத் தெரியாது. என் உடம்பெல்லாம் குளிர்ந்தது மாதிரி ஒரு நிம்மதி.

அவளையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த நிம்மதி பணகுடி வரைக்கும்தான் வந்தது. கணவாய் நெருங்க நெருங்கக் காற்று பஸ்ஸை ஒரு பக்கமாகத் தள்ளியது. அபி கம்பியில் தலையைச் சாய்த்து, வெளியே பார்த்துக்கொண்டு, பேச்சை நிறுத்திவிட்டாள். அசையாமல் இருந்தாள். தூங்குகிறாளா, கோபமா, களைப்பா என்று தெரியவில்லை.

நான் அவள் பின்கழுத்தில் மெல்லக் கையை வைத்தேன், மைனி. வைத்துக்கொண்டு, "என்ன மக்கா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கேட்டேன்.

செல்வி